சுத்தியலைத் தேடப் போன வயலில்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் மிளகு வாணிகம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்ற கிராமத்து வயலில் 1,600 வருஷத்துக்கு முன் புதைத்த வெள்ளி மிளகுச் சிமிழ் கிடைத்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஆயிரம் பேர்கூட இல்லாத, நம்மூர்க் கணக்கில் ஒரு சின்ன ஊராட்சி அளவே உள்ள இடம் அது. ஆனால் அதன் மண்ணுக்கடியில் இருந்து வந்தவற்றைச் சொல்ல ஆரம்பித்தால் பக்கம் போதாது. அதனால் இந்த இதழின் கேள்வி-பதில் முழுக்க அந்த ஊரைச் சுற்றித்தான்.

கே: ஹாக்ஸன் புதையலைத் தொல்லியல் துறையினர் தேடிக் கண்டுபிடித்தார்களா? தொலைந்த சுத்தியலைத் தேடப் போய்க் கிடைத்தது என்று ஒரு கதை கேட்டேன். நிஜமா?
– காரைக்குடி வாசகர்

நிஜம்தான். 1992 நவம்பர் 16. அந்த வயலைக் குத்தகைக்குப் பயிர் செய்த விவசாயி தன் சுத்தியலை எங்கோ போட்டுவிட்டார். அவருடைய நண்பர் எரிக் லாஸ், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது பரிசாக வந்த ஒரு மெட்டல் டிடெக்டரை வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு சுத்தியலைத் தேடப் போனார். கருவி கத்தியது, தோண்டினார், வெள்ளிக் கரண்டி வந்தது, தங்கச் சங்கிலி வந்தது, காசு காசாக வந்துகொண்டே இருந்தது. இரண்டு பை நிறைந்தது.

இதற்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு அந்தப் புதையலைவிடப் பெரிதாகப் படுகிறது. கை வைப்பதை நிறுத்தினார். மீதியை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு, நிலத்துக்குச் சொந்தமான சஃபோக் கவுண்டி கவுன்சிலுக்கும் போலீஸுக்கும் தகவல் சொன்னார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து ஒரே நாளில் அந்த இடத்தை அகழ்ந்து முடித்தார்கள். பெட்டி இருந்த பகுதியை மண்ணோடு பாளம் பாளமாக வெட்டி எடுத்து லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொண்டுபோய், அங்கே ஆய்வுக்கூட மேஜையில் வைத்து நிதானமாகப் பிரித்தார்கள்.

கணக்கு இது: 569 தங்கக் காசு, 14,272 வெள்ளிக் காசு, 24 வெண்கலக் காசு. 29 தங்க நகைகள். கரண்டியும் அகப்பையுமாக வெள்ளியில் 98. எடையாகச் சொன்னால் தங்கம் சுமார் மூன்றரை கிலோ, வெள்ளி 23 கிலோவுக்கும் மேல். 1993-இல் இதற்கு 17,50,000 பவுண்டு மதிப்புப் போட்டு, கண்டெடுத்தவர் என்ற முறையில் லாஸுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். பங்கு தர வேண்டும் என்று சட்டம் சொல்லாதபோதும் அவர் அந்த விவசாயியுடன் அதைப் பகிர்ந்துகொண்டார்.

சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது மியூசியத்தில்தான் இருக்கிறது.

கே: அவரே முழுவதையும் தோண்டி எடுத்துக் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? பொருள் அதே பொருள்தானே?
– கோயம்புத்தூர் வாசகர்

பொருள் அதேதான், ஆனால் அந்தப் பொருளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி போயிருக்கும்.

யோசித்துப் பாருங்கள். மண்ணோடு எடுத்ததால்தான் அது சுமார் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓக் மரப் பெட்டி என்று தெரிந்தது. மரம் எப்போதோ மக்கிப்போயிருந்தது, அது இருந்த தடமும் இரும்புப் பூண்களும்தான் மிச்சம். அந்தப் பெட்டிக்குள் சின்னச் சின்னப் பெட்டிகள் இருந்தன, அவற்றுக்கு விரல் நுனி அளவு வெள்ளிப் பூட்டுகள் இருந்தன. பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவில் வைக்கோல் வைத்திருந்தார்கள். யாரோ ஒருவர் அவசரத்தில் அள்ளிப் போடவில்லை, பக்குவமாக அடுக்கியிருக்கிறார், திரும்ப வந்து எடுப்போம் என்று நம்பி அடுக்கியிருக்கிறார். இது எந்தக் காசிலும் எழுதியிருக்காது. மக்கிய வைக்கோல் சொன்ன சேதி இது. இரண்டு பை அள்ளியதோடு நிற்காமல் மண்வெட்டியை இன்னும் நாலு முறை போட்டிருந்தால் இந்தச் சேதி போயிருக்கும்.

எதிர் உதாரணமும் அதே சஃபோக்கிலேயே உண்டு. மில்டன்ஹால் என்ற ஊரில் 1942-இல் ஏர் ஓட்டும்போது அருமையான ரோமானிய வெள்ளித் தட்டுகள் கிடைத்தன. வெளியே சொல்லவில்லை. 1946-இல்தான் அதிகாரிகளுக்குத் தெரிந்தது. தட்டுகள் இன்றும் பளபளக்கின்றன, அவற்றை யார் எப்படிப் புதைத்தார்கள் என்பதற்கு மண்ணில் இருந்திருக்கக்கூடிய சாட்சி எல்லாம் அதற்குள் அழிந்துவிட்டது. ஹாக்ஸனுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி ஐ என்ற ஊரில் 1781 வாக்கில் ஈயப் பெட்டி ஒன்றில் 600 தங்கக் காசு வரை கிடைத்தது. அதே காலத்துக் காசுகள். ஆளுக்கொன்றாகக் கைமாறிப் போய்விட்டன. ஹாக்ஸன் புதையலோடு அதற்கு ஏதாவது சம்பந்தம் உண்டா என்று கேட்டால் இன்று பதில் சொல்ல வழியில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

கே: எங்கள் குடும்பத்துக்கு மலையில் மிளகுக் கொடி இருக்கிறது. அந்தச் சிமிழில் போட்டது நம் பக்கத்து மிளகுதானா? அவ்வளவு தூரம் எப்படிப் போயிருக்கும்?
– போடிநாயக்கனூர் வாசகர்

உங்கள் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், கருமிளகு அந்தக் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்துதான் உலகத்துக்குப் போனது.

முதலில் சிமிழைச் சொல்லிவிடுகிறேன். ஹாக்ஸனில் இப்படி நான்கு கிடைத்தன. பேர் பெற்றது ஒரு பெண்ணின் மார்பளவுச் சிலை வடிவில் செய்த வெள்ளிச் சிமிழ். உயரம் 10.3 சென்டிமீட்டர்தான். சிங்காரித்த கொண்டை, காதணி, கழுத்தணி, கையில் ஒரு சுருள் ஏடு, ஆங்காங்கே தங்கப் பூச்சு. முதலில் பார்த்தவர்கள் 'பேரரசி' என்று பெயர் வைத்துவிட்டார்கள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது, ஆனால் இப்போது யாரும் அதைப் பேரரசி என்று நம்புவதில்லை. படித்த, வசதியான வீட்டுப் பெண் ஒருத்தியின் உருவமாக இருக்கலாம். அடிப்பாகத்தில் ஒரு வட்டத் தகடு சுழலும். ஒரு நிலையில் மூடிக்கொள்ளும், இன்னொரு நிலையில் சின்ன ஓட்டைகள் வழியாகத் தூள் உதிரும், மூன்றாவது நிலையில் மிளகுத்தூள் நிரப்ப முழுதாகத் திறக்கும். மற்ற மூன்றில் ஒன்று ஹெர்குலிஸ் மல்யுத்தம் செய்வது, ஒன்று மலையாடு, ஒன்று முயலைப் பிடிக்கும் நாய். ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மிளகுக்கு இவ்வளவு மரியாதை!

இனி வழி. அகநானூற்றின் 149-ஆம் பாட்டு முசிறித் துறையைச் சொல்கிறது: யவனர்களின் மரக்கலம் பொன்னோடு வந்து கறியோடு திரும்பும். கறி என்றால் மிளகு. அங்கிருந்து பருவக்காற்றைப் பிடித்துச் செங்கடல். செங்கடல் கரையில் எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில், கோயில் தரையில் புதைத்திருந்த இந்தியப் பானை ஒன்றில் ஏழரை கிலோ மிளகை அப்படியே எடுத்திருக்கிறார்கள், அது முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிறகு பாலைவனத்தைக் கடந்து நைல், அலெக்ஸாண்ட்ரியா, மத்தியதரைக் கடல், அப்புறம் வடக்கே. பிரிட்டனின் வட எல்லையில் விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த, கி.பி. 100-ஐ ஒட்டிய மரச்சீவல் கணக்கு ஒன்றில் ஒரு படைவீரன் மிளகு வாங்கிய செலவு எழுதியிருக்கிறது. அதாவது சீமாட்டி மட்டுமில்லை, சிப்பாயும் வாங்கியிருக்கிறான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கி.பி. 408-இல் விசிகோத் என்ற ஜெர்மானிய இனத்தின் தலைவன் அலாரிக் ரோம் நகரை முற்றுகையிட்டு, விலகிப்போகக் கேட்ட தொகையில் ரோமானிய எடையில் 5,000 பவுண்டு தங்கம், 30,000 பவுண்டு வெள்ளியோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. அந்த மிளகு மட்டும் நம் அளவில் ஏறக்குறைய ஒரு டன். ஹாக்ஸன் பெட்டியில் கடைசியாக அடித்த காசுகள் 407-408-ஐச் சேர்ந்தவை. ரோமில் மிளகை எடைபோட்டுப் பிணைத்தொகையாகக் கொடுத்துக்கொண்டிருந்த அதே சமயத்தில் இந்தச் சீமாட்டிச் சிமிழ் சஃபோக்கில் ஒரு வீட்டில் இருந்திருக்கிறது. உங்கள் மலைக்கொடிக்கு அத்தனை தூரம் கை நீண்டிருந்தது.

கே: இவ்வளவு செல்வத்தைப் புதைத்தவர் யார்? ஏன் திரும்பி வந்து எடுக்கவில்லை?
– மதுரை வாசகி

பெயர்கள் இருக்கின்றன, ஆட்கள் இல்லை. பத்துக் கரண்டிகளில் அவுரேலியுஸ் உர்சிகினுஸ் என்ற பெயர் பொறித்திருக்கிறது. ஒரு தங்க வளையலில், 'யூலியானா அம்மையே, இதை மகிழ்ச்சியாக அணிந்துகொள்' என்ற பொருளில் லத்தீன் எழுத்துகளைத் துளையிட்டு வெட்டியிருக்கிறார்கள். பரிசாகக் கொடுத்த வளையல். இந்த இரண்டு பேரும் கணவன் மனைவியா, ஒரே வீடா, ஒரே தலைமுறையா, எதுவும் தெரியாது. சில கரண்டிகளில் கிறிஸ்துவச் சின்னம் இருப்பதால் அந்தக் குடும்பத்தின் சமயம் மட்டும் ஓரளவு புரிகிறது. நகைகளில் ஒன்று தோளுக்கு மேலும் கைக்கு அடியிலும் வந்து நெஞ்சிலும் முதுகிலும் கூடும் தங்கச் சங்கிலி. முன்பக்கப் பதக்கத்தில் நடுவே செவ்வந்திக்கல், சுற்றிலும் நான்கு மாணிக்க நிறக் கற்கள், நான்கு குழிகள் காலி. அவற்றில் முத்து இருந்து மண்ணில் கரைந்திருக்கலாம் என்கிறார்கள். மிகச் சிறிய உடம்புக்குத்தான் அது பொருந்தும். பதின்வயதுப் பெண்ணுக்குச் செய்ததாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

ஏன் வரவில்லை என்பதற்குக் காசுகளே பாதி பதில். வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவற்றின் ஓரத்தைக் கத்தரித்திருக்கிறார்கள். எப்படித் தெரியுமா, பேரரசரின் முகத்தைத் தொடாமல் சுற்றிலும் மட்டும். கத்தரித்த வெள்ளியை உருக்கி உள்ளூரிலேயே அதைப் போன்ற காசு அடித்தார்கள், அப்படிப்பட்டவையும் பெட்டியில் 400-க்கு மேல் இருக்கின்றன. ரோமிலிருந்து புதுக் காசு வருவது நின்றுபோனதன் அடையாளம் இது. பிரிட்டனில் இருந்த படைவீரர்கள் பேரரசராக அறிவித்த மூன்றாம் கான்ஸ்டன்டைன் 407-இல் அந்தப் படையைக் கூட்டிக்கொண்டு ஐரோப்பியக் கண்டத்துக்குப் போய்விட்டார். 410 வாக்கில் ரோமானிய ஆட்சியே அங்கு முடிந்தது. சம்பளமில்லை, காவலில்லை, வரி வாங்கக்கூட ஆளில்லை. அந்த வருஷங்களில்தான் எங்கோ ஒரு ராத்திரி இந்தப் பெட்டி குழிக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

கே: ஹாக்ஸனில் ஆதிமனிதனின் கற்கருவிகளும் கிடைத்தனவாமே? எங்கள் அத்திரம்பாக்கத்தோடு அதற்குத் தொடர்பு உண்டா?
– திருவள்ளூர் ஆசிரியர்

தொடர்பு உண்டு, கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

1797-இல் ஜான் ஃப்ரியர் என்பவர் ஹாக்ஸனில் செங்கல்லுக்கு மண் வெட்டும் குழி ஒன்றில் சக்கிமுக்கிக் கல்லில் செதுக்கிய கருவிகளைப் பார்த்தார். பன்னிரண்டு அடி ஆழத்தில் இருந்தன. அதற்கு மேல் மண், மணல், களிமண் என்று படுகை படுகையாகக் கிடந்தது. மணலில் நீர்வாழ் சிப்பிகளும், பெரிய விலங்கொன்றின் எலும்பும் இருந்தன. பார்த்ததை அப்படியே லண்டனில் இருந்த தொல்பொருள் கழகத்துக்குக் கடிதமாக எழுதினார். உலோகமே தெரியாத மனிதர்கள் செய்தவை இவை, கிடக்கும் ஆழத்தைப் பார்த்தால் நாம் வாழும் இந்த உலகத்துக்கும் முந்திய காலம் என்றே சொல்லத் தோன்றுகிறது என்றார். உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று படித்தவர்களே நம்பிய நாட்டில் அப்படி எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். 1800-இல் கடிதம் அச்சாகியது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அறுபது வருஷம்.

அந்தக் கடிதத்தில் ஒரு விவரம் எனக்கு மறக்கவே மறக்காது. குழியில் வேலை பார்த்தவர், இவை அரியவை என்று தெரிவதற்கு முன்னால், கூடை கூடையாக இந்தக் கற்களை அள்ளிப் பக்கத்துச் சாலையின் வண்டித்தடப் பள்ளங்களை நிரப்பியதாக ஃப்ரியரிடம் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, யாருக்குத் தெரியும் அப்போது.

1859-இல் நிலவியலாளர் ஜோசப் பிரெஸ்ட்விச், தொல்லியலாளர் ஜான் எவன்ஸ் இருவரும் பிரான்சில் சோம் ஆற்றுப் படுகையில் இதே மாதிரிக் கருவிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். தொல்பொருள் கழகத்தின் கண்ணாடிப் பெட்டியில் ஃப்ரியர் கொடுத்த கற்கள் தூசியோடு கிடப்பதை எவன்ஸ் கவனித்தார். அப்போதுதான் ஹாக்ஸனுக்கு நியாயம் கிடைத்தது. அந்த ஏரிப்படிவு சுமார் நான்கு லட்சம் ஆண்டு பழையது என்று இன்று கணக்கிடுகிறார்கள், இரண்டு பனியுகங்களுக்கு நடுவே வந்த அந்த வெதுவெதுப்பான காலத்துக்கு பிரிட்டனில் 'ஹாக்ஸ்னியன்' என்றே பெயர்.

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். பிரெஸ்ட்விச்சும் எவன்ஸும் எழுதியவை எழுப்பிய ஆர்வத்தில்தான் இந்தியாவில் நிலவியல் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்ணைத் தீட்டிக்கொண்டு தேடினார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் கற்கருவியை எடுத்தார். அதே செப்டம்பரில் அத்திரம்பாக்கம். குழியும் சரளையும் கூர்ந்த கண்ணும் இரண்டு ஊருக்கும் பொது. ஆனால் வயதில் உங்கள் ஊர் எங்கேயோ முன்னால் நிற்கிறது. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் அத்திரம்பாக்கக் கைக்கோடாரிகளுக்கு சுமார் 15 லட்சம் ஆண்டு என்று வந்தது. அதே குழு 2018-இல், அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே பெரிய கைக்கோடாரியிலிருந்து சிறிய கருவிகளுக்கு மாறிவிட்டார்கள் என்று காட்டியது. ஹாக்ஸன் ஏரிக்கரையில் கைக்கோடாரி செதுக்கிய காலத்துக்கு அது வெகு தூரமில்லை. உங்கள் மாணவர்களை ஒருமுறை பூண்டி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அத்திரம்பாக்கத்துக்குப் பக்கம்தானே.

கே: ஹாக்ஸனில் புதுமணத் தம்பதிகள் கடக்காத பாலம் ஒன்று இருக்கிறதாமே?
– நாகர்கோவில் வாசகி

கோல்டுபுரூக் பாலம். 869-இல் டேனியர்கள் கொன்ற கிழக்கு ஆங்கிலிய மன்னர் எட்மண்ட் அந்தப் பாலத்தடியில் ஒளிந்திருந்தார், அவர் காலில் அணிந்த குதிமுள் தண்ணீரில் மின்னியதைப் பார்த்த ஒரு புதுமணத் தம்பதி காட்டிக்கொடுத்தார்கள், அதனால் சாபம். இது ஊர்க்கதை. அவரைக் கட்டிவைத்து அம்பெய்ததாகச் சொல்லும் ஓக் மரம் 1848-இல் விழுந்தபோது உள்ளே அம்பு முனை இருந்தது என்றும் சொல்வார்கள், மரம் நின்ற இடத்தில் கல் சிலுவை இருக்கிறது. மன்னர் கொல்லப்பட்டது வரலாறு. அது ஹாக்ஸனில்தான் என்பதற்கு உறுதியான சான்றில்லை, பழைய நூல் சொல்லும் இடப்பெயருக்கு வேறு ஊர்களும் உரிமை கேட்கின்றன. நான் ஹாக்ஸன் பக்கம் சாயமாட்டேன். ஆனால் ஊர்க்காரர்கள் பாலத்தைக் கதையோடு காப்பாற்றி வைத்திருப்பது நல்ல காரியம்.

கே: கிணறு தூர் வாரும்போது பழைய செப்புக் காசுகள் ஒரு கலயத்தில் கிடைத்தன. சொன்னால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அப்பா பயப்படுகிறார். இங்கிலாந்தில் பணம் தருகிறார்களே, இங்கே என்ன?
– சிவகங்கை மாவட்ட வாசகர்

அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. முதலில் இங்கிலாந்து: ஹாக்ஸன் புதையல் கிடைத்தபோது பழைய வழக்காற்றுச் சட்டம்தான். பிறகு 1996-இல் புதையல் சட்டம் வந்தது. கிடைத்தது புதையல் என்று தெரிந்த 14 நாளுக்குள் கரோனர் என்ற அதிகாரியிடம் சொல்ல வேண்டும், மியூசியம் எடுத்துக்கொண்டால் சந்தை மதிப்பைக் கொடுக்கும். புதையல் வரம்புக்குள் வராத சின்னப் பொருள்களைப் பதிவு செய்யவும் 1997-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள், ஒரு பொத்தான் கிடைத்தாலும் கொண்டுபோய்க் காட்டலாம். இந்த ஏற்பாட்டை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

நமக்கு 1878-ஆம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டம். மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவருக்குச் சட்டம் தரும் பங்கும் போய்விடும், தண்டனையும் உண்டு. அதனால் அப்பாவிடம் சொல்லுங்கள், சொல்லாமல் இருப்பதுதான் அவருக்கு ஆபத்து. விஏஓ அல்லது தாசில்தார் மூலமாக மனு கொடுத்து, கையெழுத்தோடு ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாநிலத் தொல்லியல் துறைக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.

அதுவரைக்கும் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எலுமிச்சையும் வேண்டாம், பச்சைக் களிம்பு அப்படியே இருக்கட்டும். கலயம் உடைந்திருந்தால் ஓடுகளை எடுத்து வையுங்கள், காசுக்கு இருக்கிற மதிப்பு அதற்கும் உண்டு. எத்தனை அடி ஆழத்தில், கிணற்றின் எந்தப் பக்கத்தில் கிடைத்தது என்று தூர் வாரியவரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள், ஒரு மாதம் போனால் அவருக்கே மறந்துவிடும். அப்புறம் ஒன்று, அந்தத் தூர் மண்ணை எங்கே கொட்டினீர்கள்?